பக்கத்து வளவுக் குப்பை

மூன்று வருடங்களுக்கு முன், மொன்ட்ரியாலில், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது இது. அங்கே ரொக்ஸ்பரோ என்ற பகுதியில் வீடு வாங்கி வந்து எங்களுக்கு அதுதான் முதல் இலையுதிர்காலம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண்மணி தனியாக இருக்கிறார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், என் வயதுதான் இருக்கும். நல்ல மனுசி. ஆனால் அவருடைய வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவைப் பார்த்தால் எனக்குக் கை துருதுருக்கும். காய்ந்த தண்டுகள் வெட்டாமல் நிற்கும். நிலம் முழுக்கக் காட்போட் மட்டை, அதன் மேல் இலைச்சருகு, ஒரு மூலையில் இடுப்புயரக் குவியல் வேறு. இதற்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயர், மண்ணைக் கிண்டாமல் காடு மாதிரி மூடி வைப்பது என்று ஒருநாள் விளக்கினார். தலையாட்டினேன். சோம்பலுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் முற்றம் கூட்டாத வீட்டை ஊர் என்ன சொல்லும் என்று யாழ்ப்பாணத்தில் கேட்டு வளர்ந்தவன் நான்.

அவர் தமக்கையைப் பார்க்க வெளியூர் போனார். கடிதங்களை எடுத்து வைக்க முடியுமா என்றுதான் என்னிடம் கேட்டார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு இருபது பேர் வர இருந்தார்கள். சமைக்கும்போது குசினி ஜன்னலால் பார்த்தால் நேரே அந்தக் குப்பைதான். உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சருகு முழுவதையும் வாரிப் பதினெட்டுக் கடதாசிப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைத்தேன். மறுநாள் காலை நகரசபை லொறி ஏற்றிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூலைக் குவியல் இருந்த இடத்தில் ஒரு பழைய கம்பளம் மிஞ்சியிருந்தது. அன்று மத்தியானம் அதையும் இழுத்தேன். கீழே நீளமான ஒரு குழி. அதற்குள் சாக்குச் சுற்றி, கயிற்றால் வரிந்து கட்டி, ஆளுயரத்துக்கு ஏதோ படுத்திருந்தது.

சத்தம் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவர்தான் குனிந்து சாக்கை விலக்கிப் பார்த்தார். உள்ளே மரக்கொப்புகள். போன உயிர் திரும்பி வந்தது. பட்ட மரத்தைப் புதைத்திருக்கிறார் என்று நினைத்து இழுத்தேன். வரவில்லை, ஒரு பக்க வேர் நிலத்துக்குள் இருந்தது. மரம் அறுக்கும் வாள் எடுத்துவரத் திரும்பினேன்.

“பொறுங்கோ,” என்றார் மனைவி. “செத்த மரத்தை ஆரும் சாக்குச் சுத்திப் படுக்க வைப்பினமே? முதல்ல அந்த மனுசிக்கு ஒரு ஃபோன் எடுங்கோ.”

எடுத்தேன். என் உடைந்த பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார். அது அத்திமரம். இந்தக் குளிரில் நிமிர்ந்து நின்றால் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பக்க வேரை வெட்டி, சரித்துப் படுக்க வைத்து, சருகால் மூடுவாராம். காலமான கணவர் நட்டது, மரத்துக்கு ஒன்பது வயது. இன்றிரவே மைனஸ் பத்துக்கு இறங்கப் போகிறது, தான் வர நாளையாகும், எப்படியாவது மூடிவிடுங்கள் என்றார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

எதால் மூடுவது? சருகுதான் லொறியில் போய்விட்டதே. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதை.

அடுத்த தெருவுக்கு லொறி மறுநாள்தான் வரும். நானும் மனைவியும் வீடு வீடாகப் போனோம். பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லி, உங்கள் குப்பையைத் தருவீர்களா என்று கேட்டோம். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கூட வந்தார். குப்பையைக் கண்டு வெட்கப்பட்டவன் அன்று குப்பையை இரந்து திரிந்தேன். இருட்டுவதற்குள் கம்பளத்தை விரித்து, அதன் மேல் இருபது பைகளுக்கு மேல் கொட்டிவிட்டோம்.

தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் ஜன்னலால் பார்த்துவிட்டு, “உதென்ன, பக்கத்து வளவில இவ்வளவு குப்பை?” என்றார். நான் வடைத் தட்டை அவர் பக்கம் நீட்டினேன்.

அந்தப் பனிக்காலம் முழுக்க எனக்கு நிம்மதியில்லை. மே மாதம் பக்கத்து வீட்டு மனுசி கூப்பிட, இருவருமாக மரத்தை நிமிர்த்தினோம். ஒரு பெரிய கொப்பு கருகியிருந்தது. அதை வெட்டி எறிந்தார். பிறகு இரண்டு கிழமை, பதினாலு நாளும் மரத்தில் அசைவே இல்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் வேலியடியில் போய் நிற்பேன். ஒரு காலையில், அடிக்கொப்பில் அரிசியளவு பச்சை தெரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

இப்போது எங்கள் பின்வளவிலும் சருகு கிடக்கிறது. வாசலை மட்டும் இன்றும் கூட்டுகிறேன், பழக்கம் விடவில்லை. நவம்பரில் அத்தியைப் படுக்க வைக்க நானும் போகிறேன். யாரும் கேட்காத உதவியைச் செய்யக் கை துருதுருக்கும்போதெல்லாம் அந்தச் சாக்கு மூட்டை கண்ணுக்கு முன்னால் வரும். முதலில் ஒரு ஃபோன் எடுத்துவிடுகிறேன்.