ரயில் பாதை தாண்டியும் கேட்ட கடல்

முதலில் வந்தது காதில் ஓர் இரைச்சல். நான் ராயபுரம் கரைக்காரி. பிறந்தது முதல் அலைச் சத்தத்தில் இருப்பவள். அதனால் அதை நோய் என்று எண்ணவில்லை. இந்த வருஷம் கடலுக்குக் கோபம் அதிகம் என்றுதான் நினைத்தேன்.

கரையின் அத்தனை கூச்சலிலும் மீன் ஏலக் குரலை ஒரே தடவையில் பிடிக்கிற காது என்னுடையது. அந்தக் காதுதான் என் பிழைப்பு.

பல வருஷம் தலையில் கூடை சுமந்து கழுத்து எலும்பு தேய்ந்து, ஓயாத வலி. கூடையை மருமகள் ரஞ்சிதத்திடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் கரையில் என்னைக் கிழவி என்பார்கள். அதற்குப் பதிலாக, பெட்டிக்கடைத் தலைவலித் தூளை வெறும் வயிற்றில் கொட்டி, மேலே டீ குடித்தேன். காலையில் ஒன்று என்று இருந்தது, போகப் போக வலித்தபோதெல்லாம் ஒன்று என்று ஆனது.

அதுவும் போதாமல் கம்பவுண்டரிடம் தண்ணி மருந்து வாங்கினேன். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, சீசாவின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருப்பார். மீன் கழுவிய ஈரக்கை பட்டுப் பட்டு அது உரிந்து போனது. பிறகு மடக்குக் கணக்குதான். தூளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. பீடியோடு விற்பதை மருந்து என்று யார் நினைப்பார்கள்?

ஒரு நாள் வியாசர்பாடியில், வாடிக்கையாக மீன் வாங்கும் அஞ்சலை வீட்டு வாசலில் கூடையை இறக்கினேன்.

"இன்னிக்கு அலை ரொம்ப பேஜாரா கீது" என்றேன்.

"இங்க ஏது ஆயா அலை? வஞ்சிரமா வவ்வாலான்னு நான் எவ்ளோ நேரமா கத்திகினு கீறேன். காதுல இன்னா, நண்டு பூந்துகிச்சா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயில் பாதை தாண்டி இவ்வளவு தூரம் வந்தும் கடல் என்னை விடவில்லை.

அன்று சாயங்காலம் காப்பிச் சக்கை போலக் கருப்பாக வாந்தி எடுத்தேன். ரஞ்சிதம் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"என்னென்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா."

ரஞ்சிதம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சீசாவும், என் பாய்க்கடியில் இருந்த தூள் காகிதங்களும் மேஜையில் கொட்டின.

"பொய் சொல்லாத அத்தே. கூடையத்தான் குடுக்க மாட்டே, இத்தயாவது டாக்டராண்ட குடேன்!"

டாக்டரம்மா காகிதத்தையும் சீசாவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே இன மருந்தும்மா. அளவு மீறினதாலதான் காதுல இரைச்சல். வயித்துல ரணம் ஆகி ரத்தமும் கசியுது. இன்னும் தாமதிச்சிருந்தா உயிருக்கே ஆபத்து."

"காது திரும்புமா?" என்றுதான் கேட்டேன்.

"இதை விட்டா திரும்பும்."

யாரோ ஒருவருடைய ரத்தத்தை எனக்கு ஏற்றினார்கள். இரைப்பைப் புண் (வயிற்றின் உள்தோல் அரித்துப் போவது) ஆறும்வரை பாலும் குழைந்த கஞ்சியும்தான். சில நாள் கழித்து ஒரு காலையில், வார்டில் துடைப்பம் தரையை உரசும் சத்தம் தனியாகக் கேட்டது. வெட்கத்தை விட்டு அழுதேன்.

தூள் காகிதத்தைப் பாய்க்கடியில் ஒளித்து வைத்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். காதில் இரைச்சலோ, கருப்பு வாந்தியோ, தார் போல மலமோ கண்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது பெரிய கூடை ரஞ்சிதத்தின் தலையில், சின்னது என் இடுப்பில். கழுத்து வலி போய்விடவில்லை. வலித்தால் உட்காருகிறேன். கிழவி என்றும் சொல்லிவிட்டார்கள். அதுவும் நன்றாகக் கேட்டது.

தினமும் ரயில் பாதை அருகே கொஞ்சம் நிற்கிறேன். முன்பெல்லாம் ஓடிக் கடந்த இடம். "இன்னா அத்தே, நின்னுட்டே?" என்பாள் ரஞ்சிதம். கையைக் காட்டி அவளைப் பொறுக்கச் சொல்வேன். தண்டவாளம் தாண்டிப் பத்தடி வைத்ததும் அலைச் சத்தம் தேய்ந்து, நின்றுவிடும். கடல் அதன் இடத்தில் இருக்கிறது. நான் நடக்கிறேன்.