குனிந்தால் ஓடும் செவலை

நாய்களுக்குச் சோறாக்கிப் போடுவதுதான் என் வேலை. கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிடையர் ஆன டாக்டரம்மா ஒருவர், ரோட்டில் அடிபட்ட நாய்களைத் தூக்கி வந்து ஒரு தகரக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம், ஒரு காலி மனையில் அந்தக் கொட்டகை. வருகிறவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. யாராவது வந்தால் அடுப்பைக் கிளறுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மனைக்காரர் கடை கட்டப் போவதாகவும், மழைக்கு முன்னால் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வளர்க்க ஆள் தேடி, டாக்டரம்மா நாய்களைப் போனில் படம் எடுத்துப் போட்டார். குட்டிகள் முதலில் போயின. மூன்று காலில் நடக்கிற கறுப்பு நாயைக்கூட, கம்மாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனது. கடைசியில் ஒரு வெள்ளை நாயும் செவலையும்தான் பாக்கி.

செவலைக்கு வயதாகிவிட்டது. முகமெல்லாம் நரை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. குரைக்காது, கடிக்காது. ஆள் வந்தால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

"இதுக்கு ஒரு வூடு கெடைக்கலன்னா கடலூர்ப் பக்கம் பெரிய காப்பகத்துக்குத்தான் அனுப்பணும்க்கா. அவ்ளோ நாய்ங்க நடுவுல இது சோத்துக்கு எழுந்திரிச்சிப் போவுமான்னு தெரியல" என்றார் டாக்டரம்மா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நானே கூட்டிப் போயிருப்பேன். வீட்டில் பேத்திக்கு இழுப்பு, நாய் முடி ஆகாது.

திட்டக்குடியிலிருந்து ஒரு ரிடையர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். வயசான நாய்தான் வேண்டும் என்று கேட்டே வந்தார்கள். வாத்தியார் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு குனிந்து, "தோ... தோ..." என்று கூப்பிட்டார். செவலை நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டுவிட்டது.

"ஒங்க மூஞ்சியப் பாத்துதான் அது நடுங்குது. தள்ளுங்க, நான் கூப்புடறேன்" என்று அந்த அம்மாவும் குனிந்தார்.

"கல்யாணத்தன்னிக்கு நான் நடுங்கினேன், இப்ப நாயி" என்றார் வாத்தியார்.

சிரித்தார்கள். ஆனால் செவலை வெளியே வரவே இல்லை. பிஸ்கட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டு வருத்தத்தோடு போனார்கள்.

நம் பக்கத்தில் நாய்க்கு முன்னால் ஒருவர் குனிந்தால் கல் எடுக்கிறார் என்று அர்த்தம். கல் இல்லாவிட்டாலும் சும்மா குனிந்து காட்டுவோம், நாய் ஓடிவிடும். செவலை எத்தனை கல் வாங்கியதோ தெரியாது. அதனால் நான் தட்டைத் தரையில் வைத்த பிறகுதான் அதை அடைப்பிலிருந்து திறந்துவிடுவேன். ஆனால் தடவிக்கொடுக்க வந்தவர்களிடம் குனியாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? குனியாமல் நாயை எப்படித் தடவுவார்கள்? யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் பீங்கான் பொம்மைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட வயது குறைவு. கம்பம் நட்டது போல நேராக நின்றாள்.

"ஒண்டியா இருக்கேங்க. நல்லாக் கொரைக்கிற நாயாப் பாத்துக் குடுங்க" என்றாள்.

வெள்ளை நாய் அவளைப் பார்த்து ஏற்கெனவே குரைத்துக்கொண்டுதான் இருந்தது. டாக்டரம்மா அதற்குக் கயிறு எடுக்க உள்ளே போனார். அந்த நேரம் அவள் கையிலிருந்த துணிப்பை நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனியவில்லை. செருப்பைக் கழற்றி, கால் விரலால் பைக் காதைக் கவ்வி, முழங்காலை மடக்கித் தூக்கிக் கையில் வாங்கிக்கொண்டாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சிரித்தாள். "பொம்ம வாக்குற அச்சத் தூக்கித் தூக்கி இடுப்பு போயிடுச்சுக்கா. உள்ள கம்பி வச்சிருக்காங்க. இப்ப ஒசர ஸ்டூல்ல உக்காந்து பொம்மைக்குக் கண்ணு எழுதுற வேல. சாமியக்கூட நிமுந்துதான் கும்புடறேன்."

டிரம்முக்குப் பின்னாலிருந்து செவலையின் தலை வந்தது. அப்புறம் உடம்பும் வந்தது. மெல்ல நடந்து வந்து அவள் சேலைத் தலைப்பை மோந்தது.

"டாக்டரம்மா, கயிறு வேணாம்!" என்று கத்திவிட்டேன்.

"என்னக்கா, பாம்பா?" என்று ஓடி வந்தார்.

"இல்லம்மா. இவங்களால குனிய முடியாது."

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. "ஆமா, முடியாது. அதுக்கு? குனிய முடியாதவங்களுக்கு நாய் குடுக்க மாட்டீங்களா?"

வாயைத் திறந்தாயிற்று, இனி மூட முடியாது. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "குனிஞ்சா அது கல்லுன்னு நெனச்சிக்குதுங்க. வர்ற எல்லாரும் குனியிறாங்க. நீங்கதான் குனியல. யாருகிட்டயும் வராத நாயிங்க இது."

அவள் கீழே பார்த்தாள். செவலை அவள் கழற்றிய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டிருந்தது.

"கொரைக்காத நாய வச்சிகிட்டு நான் என்ன பண்றது? திருடன் வந்தா ரெண்டு பேரும் சேந்து பயப்படறதா?" என்றாள். பிறகு, "தடவிக் குடுக்கக்கூட என்னால ஆவாதே" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"தடவறதெல்லாம் இதுக்கு இப்ப வேணாம்" என்றேன்.

"சோறு?"

"ஸ்டூல் மேல வைங்க. வயசான நாய்க்கு அதுதான் நல்லது, கழுத்து வலிக்காது" என்றார் டாக்டரம்மா.

"எங்க வூட்ல எதுவுமே தரையில கெடையாதுங்க. தொடப்பத்துக்கே நீட்டுக் கம்பு கட்டியிருக்குது" என்றவள், வெள்ளை நாயை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "செருப்ப விட மாட்டேங்குதே. சரி, வா."

வெள்ளை நாயை அடுத்த வாரமே ஒரு செங்கல் சூளைக்காரர் வாங்கிக்கொண்டார். கொட்டகையைப் பிரித்தார்கள்.

மழை விட்டதும் அவித்த முட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பீங்கான் கம்பெனியில் விரிசல் விட்டது என்று ஒதுக்கிய வாஷ்பேசின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் தட்டு வைத்திருந்தாள். செவலை நின்றபடியே முட்டையைத் தின்றது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காலால் அதன் முதுகைத் தேய்த்துவிட்டாள். அது அசையவில்லை. என் கையை மோந்துவிட்டு வாலை ஆட்டியது.

கிளம்பும்போது வாசல்வரை கூடவே வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வேன்? படியில் தயங்கி நின்றேன்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா," என்றாள் உள்ளேயிருந்து. "அது வராது."