ஹெய்ல்விக் சொன்ன ‘சும்மா’

கென்ட் நகரத்து பெகின் விடுதியில் ஹெய்ல்விக் முப்பது வருடமாகக் கம்பளி அலசிக்கொண்டிருந்தாள். சபதமும் எடுக்காமல் கல்யாணமும் கட்டாமல், உழைத்துச் சாப்பிட்டு ஜெபம் செய்யும் பெண்கள் அங்கே பதினாறு பேர். மற்றவர்கள் ஜெபத்தில் எதையாவது கேட்பார்கள். இவளை விசாரித்தால், “ஆண்டவர்கிட்ட சும்மா உக்காந்திருந்தேன்” என்பாள்.

அந்தச் சும்மா ஆயரின் விசாரணைக்காரர் காதுவரை போய்விட்டது. எதையும் கேட்காதவள் மோட்சமும் வேண்டாம் என்கிறவள்தானே, அவள் சபைக்கு அடங்குவாளா? இதே பேச்சுக்காகப் போன வருடம் பக்கத்து ஊரில் ஒருத்தியை எரித்திருந்தார்கள். இவள் வாய் தவறினால் விடுதிக்கும் பூட்டுத்தான்.

விசாரிக்க வந்தவருக்கு லத்தீன் மட்டுமே தெரியும். கேள்வியை அவள் பாஷையில் சொல்லிப் பதிலை லத்தீனில் எழுதப் பங்குச் சாமியார் லாம்பெர்ட் உட்கார்ந்திருந்தார்.

“ஆண்டவரை எதுக்காக நேசிக்கிறன்னு கேக்குறார்.”

“சும்மாத்தான் சாமி.”

லாம்பெர்ட்டின் கை நின்றது. “மோட்சத்துக்காகத்தானே?”

“குடுத்தா வேணாங்க மாட்டேன். அதுக்காகன்னு இல்ல.”

“நரகத்துக்குப் பயந்து?”

“பயம் இருக்கு. அதுக்காகவும் இல்ல.”

“இதுக்கு லத்தீன்ல வார்த்தை கிடையாதும்மா. வீணாங்கலாம், இனாமாங்கலாம். ரெண்டுமே உன்னைக் கொளுத்திடும். ஒரு காரணம் சொல்லித் தொலையேன்.”

“இருந்தா சொல்ல மாட்டேனா?”

விசாரணைக்காரர் மேசையைத் தட்டினார். லாம்பெர்ட் எழுதத் தொடங்கினார். ஹெய்ல்விக்குக்கு எழுத்து தெரியாது, கண் தெரியும். அவள் சொன்னது ஒரு வார்த்தை. இறகுப் பேனாவோ இரண்டு வரி ஓடியது.

“என்ன எழுதுனீங்க?”

“நீ சொன்னதத்தான்.” அவர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. வாசலில் விடுதியின் நோயாளி ஆலெய்ட் இருமுவது கேட்டது. படுக்கையை விட்டு எழவே முடியாதவள் பயத்தில் நடந்தே வந்திருக்கிறாள். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது. ஹெய்ல்விக் இறகை வாங்கி, கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவை போட்டாள்.

விசாரணைக்காரர் படித்துவிட்டு ஏதோ சொன்னார்.

“மோட்சத்துக்காகன்னு நல்லாச் சொன்னியாம்,” என்றார் லாம்பெர்ட் மெதுவாக. “போகலாம்.”

அன்று விடுதியில் எல்லோருடைய கஞ்சியிலும் வெண்ணெய் போட்டார்கள். ஹெய்ல்விக் கோவிலுக்குப் போனாள். மண்டியிட்ட வேகத்திலேயே எழுந்து வந்துவிட்டாள். பொய்க்குச் சிலுவை போட்டுவிட்டு ஆண்டவர் முன்னால் சும்மா இருக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.