எட்டு நாள் சிவப்பு மை

எங்கள் பேரூராட்சியின் துப்புரவு மேஸ்திரி உடையப்பன் வருகைப் பதிவேட்டில் பொய் எழுதாத மனுசன். பெண்டாட்டி செத்த அன்று, பாடை கிளம்புவதற்கு முன்னால் ஆள் அனுப்பி நோட்டை வாங்கி, தன் பெயருக்கு எதிரே தானே சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதியவர். கிறுக்கு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இருபது வருசமாக அவரிடம் தெருக் கூட்டுகிறவள் நான், சொல்லாமல் எப்படி இருக்க?

போன பங்குனியில் கோர்ட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. சுமை தூக்குகிற நிலவழகன் முந்திரித் தோப்பில் அரை மூட்டைக் கொட்டை திருடி மாட்டியிருந்தான். முதல் தப்பு, மூட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். புதுச் சட்டப்படி சிறைக்குப் பதில் முப்பது நாள் தெருக் கூட்ட வேண்டும். பார்த்துக்கொள்ள வேண்டியது பேரூராட்சி. காரணமில்லாமல் நின்றால் சிறை.

“கோர்ட்டு நம்ம தலையில கட்டிருச்சு. மேஸ்திரி, இனிமே ஒங்க பாடு” என்று செயல் அலுவலர் தாளைத் தள்ளிவிட்டார். தண்டனைக்காரனை எப்படி வைத்து வேலை வாங்குவது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நிலவழகன் தினமும் எங்களுக்கு முந்தியே வேலைக்கு வந்துவிடுவான். தலை நிமிராமல் கூட்டுவான். பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் போனது. அப்போது மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். விழாக் கமிட்டித் தலைவர் வந்து குதித்தார்.

“காப்புக் கட்டுன தெருவுல களவாணி வெளக்கமாறு புடிக்கிறதா? ஆத்தாளுக்கு ஆகாது!”

குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கிறவன் கையிலெல்லாம் காப்பு இருந்தது. அது மட்டும் ஆத்தாளுக்கு ஆகும் போல. ஆனால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

மேஸ்திரி நிலவழகனைத் தனியே கூப்பிட்டார். “எட்டு நாளு வீட்டுல இருப்பா. பின்னாடி சேத்துச் செஞ்சுக்கலாம்.”

எங்களுக்கு அதுதான் வழக்கம். ஒரு நாள் நின்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடு கட்டுவோம். கோர்ட்டுக்கும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். எட்டு நாளும் நிலவழகன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதினார். திருவிழா முடிந்ததும் அவன் வந்து முப்பது நாளையும் முழுசாக முடித்தான்.

நோட்டு கோர்ட்டுக்குப் போகும்போது, காரணத்தையும் எழுதச் சொல்லி மேஸ்திரி கேட்டார். அலுவலர் சீறினார்.

“ஊரே தடுத்துச்சு, நாமளும் அனுப்பிட்டோம்னு எழுதவா? ரெண்டு மாசத்துல பென்சன் வாங்கப் போறீங்க. பேசாம இருங்க.”

எட்டு நாள் சிவப்பு மையைப் பார்த்து கோர்ட்டு நிலவழகனை விசாரணைக்குக் கூப்பிட்டது. மேஸ்திரியும் அலுவலரும் அலுவலக வேலையாகவே போனார்கள். நான் நிலவழகன் பெண்டாட்டி ரம்யாவோடு போனேன்.

“எட்டு நாள் ஏன் வரல?” என்றார் நீதிபதி.

நிலவழகன் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தான். “திருவிழாங்கய்யா” என்றான்.

“திருவிழாவுக்கு லீவு போட இதென்ன வேலையா?”

மேஸ்திரி பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். அலுவலர் சட்டையைப் பிடித்து இழுக்கக்கூட இல்லை, சும்மா பார்த்தார். மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார். நிலவழகனுக்கு ஒரு மாதம் சிறை என்று தீர்ப்பானது. ரம்யா என் தோளில் சரிந்து அழுதாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரி நோட்டை விரித்து, முந்தின நாள் கட்டத்தில் தன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தார். ‘வரவில்லை.’

“கோர்ட்டுக்கு டூட்டியிலதானே போனீங்க? நாந்தான் பாத்தேனே.”

“எந்திரிச்சுச் சொல்ல வேண்டிய எடத்துல நான் இல்ல ஞானமணி.”

“இதை நேத்து அங்கிட்டு சொல்லியிருந்தா அவன் இன்னைக்கு வீட்டுல இருந்திருப்பான்” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். அந்தப் பக்கமாக ரம்யா ஜெயிலில் மனு போட்டுப் புருசனைப் பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.