இடப்பக்கம் கட்டிய கிமோனோ

1. படத்தைப் பார்க்காதவன்

வாடகை உடைக் கடையில் நான் முதன்முதலாகத் தனியாக ஓர் ஆளுக்கு உடை கட்டிவிட்ட நாளில், உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையைப் பிணம்போல் உடுத்தி அனுப்பினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. எப்படிக் கட்ட வேண்டும் என்ற படம் என் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். துபாய் தேராவில் ஒரு துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் சேல்ஸ்மேனாக இருந்தேன். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு வேறு வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வளைகுடாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் க்ரீக் என்ற உப்பங்கழி ஓரத்துப் பழைய பகுதியில், சுற்றுலா வருபவர்களுக்கு உடை வாடகைக்கு விடும் கடையில் எடுத்துக்கொண்டார்கள். காலையில் உடுத்திக்கொண்டு போய் ஊர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் அரபு உடை மட்டும்தான் இருந்ததாம். ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் வந்து வந்து கேட்டதில், அர்பாப், அதாவது முதலாளி அரபி, கிமோனோவும் வாங்கிப் போட்டுவிட்டார்.

ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குள் ஒரு கம்ப்ளெயின்ட் வந்தால் விசா கேன்சல். என் விசாவில்தான் மனைவியின் விசாவும் மகளின் விசாவும் தொங்கின. மகளுக்கு அடுத்த வாரம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இந்த ஊரில் பிறந்து இந்த ஊரில் படித்த பிள்ளை. பரீட்சை நேரத்தில் பெட்டியைக் கட்டு என்று அவளிடம் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்பதுதான் அப்போது என் ஒரே பயம்.

முதல் மூன்று வாரம் அயர்ன் பண்ணுவது, மடிப்பது, ஹேங்கரில் போடுவது என்று போயிற்று. பெண்களுக்குக் கட்டிவிட மரிட்டெஸ் என்ற பிலிப்பைன்ஸ்காரி. ஆண்களுக்கு ஒரு நேபாளி. அவர் கட்டுவதைத் தூர நின்று பார்த்திருக்கிறேன். பட்டன் இல்லை, பின் இல்லை, சுற்றி இடுப்பில் ஓபி என்ற பட்டையை இறுக்க வேண்டியதுதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து கைலி கட்டுகிறவனுக்கு இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். என்னை அடிக்க வேண்டுமானால் இந்த இடத்தில் அடிக்கலாம்.

அந்த நாள் நேபாளி சிக் லீவ். மரிட்டெஸுக்கு டியூட்டி பதினொரு மணிக்குத்தான். மேனேஜர் செல்வராஜ் உள்ளே கணினியில் இருந்தார். ஒன்பதரைக்கு ஒரு பையன் வந்தான். பெயர் கென்டா, இருபது வயதிருக்கும். ஜப்பானியப் பிள்ளைதான், ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் துபாய். அவனும் மரிட்டெஸும் என்னிடம் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அங்கிள், எனக்கு இதெல்லாம் கட்டத் தெரியாது. நீங்களே கட்டிவிடுங்க. தாத்தா ஜப்பான்லேர்ந்து வர்றாரு, பதினொன்னு நாப்பதுக்கு ஃப்ளைட். ஹார்ட் ஆப்பரேஷன் ஆகி இப்பதான் டாக்டர் ஃப்ளைட்ல போக விட்டிருக்காரு. நான் இதப் போட்டுட்டு ஏர்போர்ட்ல நின்னா அழுதிடுவாரு. அப்படியே ஊரெல்லாம் சுத்திக் காட்டப் போறேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

கருநீலக் கிமோனோ ஒன்றை எடுத்தேன். அவன் கையை விரித்து நின்றான். இடது பக்கத்தை உள்ளே மடித்தேன், வலது பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்து இடது இடுப்பில் சேர்த்தேன், ஓபியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். எங்கள் ஊரில் ஆண்கள் எல்லோரும் கைலி கட்டுவது அப்படித்தான், இடப்பக்கம். ஒரு சுருக்கம் இல்லை. உடை திரும்பி வரும்போது சேதம் பார்ப்பதற்காக எடுக்கும் போட்டோவை கவுன்டர் டேப்லெட்டில் எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தேன். எனக்கே என் கைமேல் பெருமையாக இருந்தது.

2. மரிட்டெஸ் பார்த்த போட்டோ

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மரிட்டெஸ் வந்தாள். பையைக்கூட வைக்காமல் டேப்லெட்டைப் புரட்டினாள். கை அப்படியே நின்றது.

"பாய், இது யார் கட்டினது?"

"நான்தான். எப்படி இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். "இடது பக்கம் மேல வரணும். நீங்க வலதை மேல போட்டிருக்கீங்க. இப்படி ஜப்பான்ல செத்தவங்களுக்குத்தான் கட்டுவாங்க. பெட்டியில வைக்கிறதுக்கு. இவன் எங்க போயிருக்கான்?"

ஏர்போர்ட்டுக்கு என்றேன். இதய ஆப்பரேஷன் முடிந்த தாத்தாவைக் கூட்டிவர என்றேன்.  மரிட்டெஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுப் பயமும் பிடித்தது.

பையனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். வாட்ஸப்பில் மெசேஜ் போட்டேன், ஒற்றை டிக்கோடு நின்றது. சத்தம் கேட்டு செல்வராஜ் வெளியே வந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், விஷயத்தைக் கேட்டதும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஐயோ பாய், இது உங்காளுங்க கட்டு! எங்காளு கட்டியிருந்தா தப்பே வந்திருக்காது. நாங்க வலப்பக்கம்ல கட்டுவோம்."

"நான் போயி மாத்திக் கட்டிட்டு வந்துடுறேன் சார்."

"எங்க போறீங்க? ஆம்பளை கவுன்டர்ல யாரு நிப்பா? அர்பாப் கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாரு. இங்க பாருங்க, போட்டோவ டெலீட் பண்ணிடுவோம். பையன் வழியில அவுத்துத் தானா கட்டிக்கிட்டான்னு சொல்லிடலாம். கலாஸ், முடிஞ்சுது. யாரு கேக்கப் போறா?"

அவர் கெட்டவர் இல்லை. என் விசாவைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஒரு நிமிடம் நானும் சரி என்று நின்றேன், மறைக்கவில்லை. பிறகு அந்தக் கிழவரை நினைத்தேன். தையல் காய்ந்தும் காயாத நெஞ்சோடு கதவைத் தாண்டி வருகிறார். எதிரே பேரன் பிணக்கோலத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அந்த நெஞ்சு அங்கேயே நின்றுவிட்டால் யார் பொறுப்பு?

"போனீங்கன்னா வார்னிங் லெட்டர் குடுக்கணும் பாய். என் கையில இல்ல அது."

"குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து மரிட்டெஸ் கத்தினாள்: "கட்டி முடிச்சதும் அவன் வலது கை மார்புக்குள்ள நுழையணும் பாய்! நுழைஞ்சா சரி!"

3. டாக்ஸியில்

மணி பதினொன்று ஐந்து. டாக்ஸி டிரைவர் பெஷாவர்க்காரர். ஜல்தி பாய், ஜல்தி என்று நான் நச்சரிக்க, ஏர்போர்ட்டுக்குப் பெட்டி இல்லாமல் ஓடும் என்னைக் கண்ணாடியில் ஒரு மாதிரிப் பார்த்தார். முதுகில் ஜப்பான் எழுத்துப் போட்ட நீலக் கோட்டு வேறு மாட்டியிருந்தேன், கடை யூனிபார்ம்.

சிக்னலில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வாப்பா மவுத்தானபோது லீவ் போட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டேன். கஃபனிட்டதில் என் கையும் உண்டு. வெள்ளைத் துணியை விரித்து வாப்பாவைக் கிடத்தி, முதலில் இடது ஓரத்தை எடுத்துப் போர்த்தினோம். அதன்மேல் வலது ஓரத்தைப் போர்த்தினோம். வலது மேலே. இன்று காலையில் அந்தப் பையனுக்குச் செய்ததும் அதேதான். ஜப்பான்காரர்கள் வழக்கம் எனக்கெதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. என் ஊரிலும் என் கை கடைசியாக ஒரு மனிதரை உடுத்தியது இப்படித்தான்.

சகுனம் பார்ப்பது எங்கள் மார்க்கத்தில் கூடாது. எனக்கும் அதெல்லாம் கிடையாது என்றுதான் சொல்லித் திரிவேன். ஆனால் டாக்ஸியில் என் இரண்டு கையும் குளிர்ந்துபோய் நடுங்கின. பையன் ஓட்டிக்கொண்டு போகும் வண்டி, பறந்து வரும் கிழவர், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் மகள், எல்லோருக்குமாகச் சேர்த்து ஓதினேன். யாருக்காக முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

4. தொழுகை அறை

அரைவல் ஹாலுக்குள் ஓடியபோது போர்டில் அந்த ஃப்ளைட்டுக்கு நேரே 'லேண்டட்' என்று இருந்தது. குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே இறங்கிவிட்டது. கூட்டத்தில் கருநீலத்தைத் தேடி ஓடினேன். ஒரு செக்யூரிட்டி கையை நீட்டி நிறுத்தினார். எங்கே ஓடுகிறாய், பாஸ் எங்கே என்று கேட்டார். ஆளைப் பார்க்க வந்தேன் என்றேன். என் கோட்டையும் முகத்தையும் பார்த்தார். ஐடி கேட்டார். காட்டினேன். அந்த அட்டையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்த நேரம் மிக நீண்டது. போ, ஆனால் ஓடாதே என்றார்.

கென்டா தடுப்புக் கம்பி ஓரமாக ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் சிரித்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது.

"தாத்தாவுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் ரொம்பப் பெருசு அங்கிள்" என்றான். சின்னப் பிள்ளைபோல் அழ ஆரம்பித்துவிட்டான்.

பக்கத்து டாய்லெட்டில் சுத்தம் செய்கிறோம் என்று போர்டு வைத்திருந்தார்கள். தொழுகை அறைதான் இருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். மூலையில் இருவர் தொழுதுகொண்டிருந்தார்கள். ஓபியை அவிழ்த்தேன், மாற்றிக் கட்டினேன், பார்த்தால் மறுபடியும் வலதுதான் மேலே. அவிழ்த்தேன். இரண்டாம் முறையும் அப்படியே வந்தது. நாற்பது வருடப் பழக்கம், கை என் பேச்சைக் கேட்கவில்லை. யா அல்லாஹ், இந்த ஒரு முறை என்று வாய்விட்டே சொன்னேன். மூன்றாம் முறை, வலது பக்கத்தை உள்ளே வைத்து என் முழங்கையால் அமுக்கிக்கொண்டு, இடதை மேலே இழுத்தேன்.

"வலது கையை உள்ள விடுங்க தம்பி."

நுழைந்தது.

நாங்கள் வெளியே வரவும், ஏர்போர்ட் ஆள் சக்கர நாற்காலியில் ஒரு கிழவரைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. நான் தூண் பக்கம் ஒதுங்கிவிட்டேன். பையன் போய்க் குனிந்தான். கிழவர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். இடுப்புப் பக்கம் கண் நின்றது. பிறகு கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் நீவிவிட்டார். நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. அப்படியே டாக்ஸி பிடித்துக் கடைக்கு வந்து, தயாராக இருந்த வார்னிங் லெட்டரில் கையெழுத்துப் போட்டேன். அர்பாப் கேமராவில் பார்த்துவிட்டாராம், மறுநாள் நேரில் வருகிறாராம்.

5. சாயங்காலம் வந்தவர்

ஆறு மணிக்குக் கென்டா கிமோனோவைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கூடவே கிழவரும் வந்தார். செல்வராஜ் எழுந்து நின்றார். கிழவர் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"துணியில தப்பான பக்கத்துல மடிப்பு விழுந்திருக்குதாம். காலைல வேற மாதிரி கட்டி, அப்புறம் மாத்தியிருக்காங்கன்னு சொல்றாரு. யாருன்னு கேக்குறாரு."

செல்வராஜ் என்னைப் பார்த்தார். பேசாதீங்க என்று கண்ணாலேயே சொன்னார். ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் காலையிலிருந்து பயந்து பயந்து எனக்குச் சலித்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கைலிக் கட்டைச் சொன்னேன், சுவர்ப் படத்தைப் பார்க்காததைச் சொன்னேன், வாப்பாவைக் கஃபனிட்டதையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பையன் சொல்லி முடிக்கும்வரை கிழவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: அப்பாவுக்குக் கட்டும்போது கை நடுங்கியதா?

"இல்லை. இன்னைக்குத்தான் நடுங்குச்சு" என்றேன்.

கிழவர் ஹேங்கர் வரிசையைக் காட்டிப் பேசினார். கென்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு அவருக்கும் ஒன்னு வேணுமாம். நீங்கதான் கட்டிவிடணுமாம் அங்கிள். இனிமே இந்த ஊர்ல தப்பாவே கட்டாத ஒரே ஆள் நீங்கதானாம்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் என் முன்னால் கையை விரித்து நின்றார். சட்டைக்குள் தழும்பு தெரிந்தது. படத்தை நிமிர்ந்து பார்த்துப் பார்த்துக் கட்டினேன். பத்து மணிக்கு அர்பாப் வந்தார். செல்வராஜ் அரைமணி நேரம் உள்ளே அவரிடம் பேசினார், என்ன பேசினார் என்று இன்றுவரை சொன்னதில்லை. லெட்டர் ஃபைலிலேயே இருக்கிறது. விசா தப்பித்தது. மகள் பரீட்சை எழுதினாள்.

இப்போது ஆண்கள் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒன்றுதான் சொல்கிறேன்: தெரியாத வேலையில் யாரும் பெரிய தப்புச் செய்வதில்லை, கேட்டுக் கேட்டுச் செய்வார்கள், கைக்கு நன்றாகப் பழகிய வேலையில்தான் பயந்து நடக்க வேண்டும். எனக்கு இன்றும் ஒருவர் முன்னால் வந்து கையை விரித்து நின்றால் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். அப்படி அடித்துக்கொள்ளாத நாளில் நான் கட்டுவதில்லை. நேபாளியைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்லிவிட்டு அயர்ன் பண்ணப் போய்விடுகிறேன்.