கருவாட்டு மிஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளை டவுனில் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் கருவாட்டுப் பையோடு ஏறினேன். பக்கத்து இருக்கைப் பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பொத்தட்டும். கடல் உயிரியல் படித்து அதிலேயே சம்பளமும் வாங்குகிற எனக்கு, கடல் முதலில் அறிமுகமானது இந்த வாடையில்தான். அதற்காக வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

சிறுமியாக இருந்தபோது கடல் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டிருந்தால், கருவாட்டு லொறி வருகிற பக்கம் என்று சொல்லியிருப்பேன். மிளகும் கொக்கோவும் விளைகிற தோட்டத்தில் வேறு எப்படிச் சொல்வது? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக் கருவாட்டைக் கழுவுவது என் வேலை. சுடுதண்ணீர் ஊற்றி, தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் தோலைச் சுரண்ட வேண்டும். தலையும் வாலும் இல்லாமல் உப்பேறிக் கிடந்தாலும் கட்டாவா சீலாவா சுறாவா என்று தொட்டே சொல்லிவிடுவேன். ஒன்றை மட்டும் கண்டாலே எரிச்சல் வரும். முதுகு நெடுகச் சின்னச் சின்ன முள் வரிசை, விரலைப் பதம் பார்த்துவிடும். "முதுகப் பாத்துத் தேய்டி, குத்திரும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார். அதுதான் உழுவை. சுறாவின் வாலும் திருக்கையின் முகமும் கொண்ட மீன். அந்த முகத்தை நான் பல்கலைக்கழகத்துப் புத்தகத்தில்தான் பார்த்தேன்.

படித்து முடித்ததும் மேற்குக் கரையில் ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் வேலை கிடைத்தது. ஆறு மாத ஒப்பந்தம். காலையில் கரைக்கு வரும் படகுகளின் மீனை இனம் பிரித்து, அளந்து, படிவத்தில் நிரப்ப வேண்டும். முதல் நாளே எங்கள் திட்ட அதிகாரி, பளபளவென்று துள்ளிக்கொண்டிருந்த ஒரு மீனைக் காட்டி, "இது என்ன?" என்றார். முழித்தேன். உயிரோடு, தலையோடு, இவ்வளவு பளிச்சென்று ஒரு மீனை நான் எங்கே கண்டேன்! வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், இதக் காய வச்சாச் சொல்லிருவேன்."

கரையே சிரித்தது. அது கட்டா மீன், நான் நூறு தடவை கழுவிய மீன். அன்றைக்கே எனக்குக் கருவாட்டு மிஸ் என்று பெயர் விழுந்தது.

சில மாதம் போனது. அந்தக் கரையில் காக்க வேண்டிய மீன்களின் பட்டியலைத் திருத்தும் வேலை வந்தது. உழுவையை எடுத்துவிடலாம் என்றார் சேர். எங்கள் படிவங்களில் அது ஒரு தடவைகூடப் பதிவாகவில்லை. பட்டியலில் இல்லாத மீனுக்காக, அது குட்டி போடும் மணல் திட்டில் வலை போடாதீர்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தேன்.

மாத்தளைச் சந்தையில் நாங்கள் எப்போதும் கருவாடு வாங்குகிற முஸ்லிம் வியாபாரி நானாவின் கடை. குவியலில் கையை விட்டேன், குத்தியது. அதே முள் வரிசை.

"நானா, இது எங்கருந்து வருது?"

"ஒங்கட கரையிலேந்துதான் தங்கச்சி. அந்தப் பக்கத்துத் தீவு வாடியிலயே வெட்டிக் காயப்போட்டு லொறில ஏத்துறாங்க. மாசா மாசம் வருதே, தெரியாதா?"

தெரியாது. நான் தினமும் விடியற்காலையில் அளவுப் பலகையோடு நின்ற இடத்துக்கு எதிரே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கும் வாடியோடு இருந்த தீவு அது. என் மேலேயே கோபம் வந்தது. அந்தத் துண்டை நாலு பத்திரிகைத் தாளில் சுற்றி, அடுத்த நாளே பஸ் ஏறி, சேரின் மேசையில் வைத்தேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கருவாடெல்லாம் தரவு இல்ல, மிஸ்."

"உங்க படிவத்துக்கு வராதது எங்க வீட்டுச் சட்டிக்கு வருது சேர். மீன் அங்க இருக்கு. நாமதான் பாக்கல."

"உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க சேர். அதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துடுறேன்."

சொன்னபடியே எழுதினேன். முள் வரிசையைப் படம் எடுத்து ஒட்டினேன். ஒரு துண்டைப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொன்னேன். முடிவு உழுவை என்றே வந்தது. பட்டியலில் அது தங்கியது. ஒப்பந்தத்தை நீட்டினார்கள், வாடிக்குப் போய்க் கணக்கெடுக்கும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்கள். படகில் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன்.

தோட்டத்து ஆட்கள் தின்றுதான் அந்த மீன் அழிகிறது என்று பிறகு ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் எழுந்து நின்றேன். சீகிரியா சுற்றுலா ஹோட்டல்களின் மேசையில் என்னென்ன மீன் வருகிறது என்று யாராவது எப்போதாவது போய் அளந்தீர்களா என்று கேட்டேன். வாரத்தில் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு வைக்கிறவளைக் குற்றவாளி ஆக்குவது சுலபம். அவர் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

மணல் திட்டில் வலை போடாமல் இருக்க மீனவர்கள் ஒருவாறு சம்மதித்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டதோ என்னவோ. உழுவை குறைந்தது, பிறகு நின்றே போனது. "அத நான் கண்டு நாலஞ்சு வருசம் ஈக்கும்" என்றார் நானா போன ஞாயிற்றுக்கிழமை. வாடியிலும் அதே பதில்தான்.

இந்த வருடக் கூட்டத்தில் புதிதாக வந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "எப்பவும் பூச்சியம்தானே மிஸ், பட்டியல்லேருந்து எடுத்துருவோமா?"

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

ஏன் என்றார். இல்லாத மீனைப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டால், அது இருந்தது என்பதும் இல்லாமல் போகும் என்றேன். முந்தாநாள் படிவத்தில் உழுவை என்று எழுதி, நேரே பூச்சியம் போட்டு, கையெழுத்து வைத்தேன்.