சரிதானே டாக்டர்

ஊசி போட்டாயிற்று. உதடு தடித்து, தன் நாக்கு எங்கே இருக்கிறது என்று நோயாளிக்கே தெரியாத நிலை வந்துவிட்டது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சுச் சுருள் ஒன்றைச் செருகி, சின்னக் கண்ணாடியை ஒரு கையிலும் கொக்கியை மறு கையிலும் பிடித்து, வாய்க்குள் நன்றாகக் குனிந்த பிறகுதான் டாக்டர் கேட்கிறார்: "நம்ம வார்டுல குப்பை வண்டி வர்ற நேரத்தப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?"

"ஆங்" என்கிறார் நோயாளி.

"அதையேதான் நானும் சொல்றேன். காலையில அவனவன் வேலைக்கு ஓடற நேரத்துல வந்தா யாரு குப்பையத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடறது? மத்தியானம் வரணும். சரிதானே?"

"ஆங்."

"பாத்தியாம்மா, இவரும் நம்ம பக்கம்தான்" என்று, எதிரே எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் குனிகிறார்.

மாநகராட்சித் தேர்தலில் நிற்பவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். தட்டினால் கதவு திறக்கும், திறந்தால் ஆள் இருப்பார், ஆளுக்கு வாய் இருக்கும். இந்தக் கடைசித் தொல்லை இல்லாமல் ஓட்டுக் கேட்கும் வழியைக் கண்டுபிடித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய நாற்காலியில் தலை வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மெத்தை வைத்த அணைப்பு உண்டு. கருவி ஓடும்போது தலை அசைந்துவிடக் கூடாதே என்பதற்காக வைத்தது. அதில் படுத்தவர் தலையை மேலும் கீழும் ஆட்டலாம். பக்கவாட்டில் ஆட்ட முடியாது. ஆகவே டாக்டர் இதுவரை எடுத்த கருத்துக்கணிப்பில் எதிர்ப்பு என்று ஒன்று தலைகாட்டவே இல்லை. இந்த ஒற்றுமையைப் பார்த்து அவருக்கே சில நேரம் கண் கலங்கிவிடுகிறது.

தெருவில் அவருக்குச் 'சரிதானே டாக்டர்' என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். நிமிர்ந்து நிற்கும்போதும் யாருடைய கடைவாயையோ தேடுவது போல லேசாகக் குனிந்தேதான் நிற்பார். முகக்கவசம் காலையிலிருந்து மோவாய்க்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்; கல்யாண வீட்டுக்கும் அப்படியே போய், புகைப்படம் எல்லாவற்றிலும் அதோடு விழுந்திருக்கிறார். ஆட்களை முகம் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியாது. எதிரில் வருபவர் சிரிக்க வேண்டும். சிரித்தால், "அட, கீழ்ப்பக்கம் ரெண்டாவது பல்லு, அடைப்பு. எப்படி இருக்கீங்க?" என்று உருகிப்போவார். சிரிக்காதவர்கள் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்கிறார்கள்.

எதிர்த்து நிற்கும் பழைய கவுன்சிலரைப் பற்றி அவர் வைக்கும் அரசியல் விமர்சனமும் இந்த வழியில்தான் போகும். "மேல் வரிசை பூராவும் கட்டினது. அதுவும் மட்டமான வேலை." அதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்பது போலக் கையைக் கழுவப் போய்விடுவார். தன்னுடைய சுவரொட்டியில் மட்டும் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு சிரிக்கிறார். அவருடைய கோரைப்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சரி செய்துகொள்ளலாம்தான், ஆனால் இந்த நகரத்தில் நம்பி வாயைக் காட்டக்கூடிய பல் டாக்டர் ஒருவரும் இல்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

"வீட்டுக் குப்பைத் தொட்டிய வாசல் வரைக்கும் கொண்டு வெச்சதில்ல, ஊர்க் குப்பைய அள்றாராம்" என்று அவர் மனைவி ஒருநாள் சிஸ்டரிடம் சொன்னார். கணக்கு டீச்சர். தேர்தலில் நிற்பதற்கு அவர் தடை சொல்லவில்லை. சாயங்காலங்களில் வீடு அமைதியாக இருக்கிறது என்பதைத் தவிர அந்த முடிவுக்கு வேறு காரணம் எதையும் அவர் வெளியிடவில்லை.

டாக்டருக்குக் கருத்து இல்லாத மாநகராட்சி விஷயம் என்று ஒன்று கிடையாது. சாலைப் பள்ளம் என்பது சொத்தை. உள்ளே சுத்தம் செய்யாமல் மேலே தாரை ஊற்றி மூடினால் அடுத்த மழைக்குப் பெயர்ந்துதான் வரும். (இதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்கிறார்கள்.) குப்பையைத் தரம் பிரிப்பது நூல் விட்டுப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது மாதிரி, தினமும் செய்வதாக எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. சாக்கடை என்பது ஈறு, யாரும் கவனிப்பதில்லை, வீங்கினால்தான் ஞாபகம் வரும். தெருநாய்களை என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். வாய்க்குள் நாய்க்குச் சமமாக எதுவும் அகப்படவில்லை.

இத்தனை கருத்துக்கும் முன்னால், நோட்டீஸில் முதல் வாக்குறுதியாகப் பெரிய எழுத்தில் அச்சாகப் போவது பேருந்து நிறுத்தம். கிளினிக் வாசலில் இருக்கும் நிறுத்தத்தைத் தூக்கி, நாற்சந்திக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். காரணம், போக்குவரத்து நெரிசல். நகரத்தில் நெரிசல் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. ஆனால் ஜன்னல் வழியாக அவர் தினமும் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். பேருந்து வந்து நின்றால் கிளினிக் பலகை மறைந்துவிடும். காரில் வருகிறவர்கள் உள்ளே திரும்ப முடியாமல் ஹாரன் அடிப்பார்கள். பொதுநலம் சில சமயம் இப்படி நம் வாசலுக்கே வந்து நிற்கும்போது ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

"சரிதானே?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து "ஆங்" வந்துவிடும். அந்த அறையில் வாயை மூடித் திறக்க முடிந்த இன்னொருவர் சிஸ்டர்தான். அவளை அவர் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் அவள் அக்காவைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அக்காவுக்குப் பார்வை இல்லை. கிளினிக்குக்கு மேல் மாடியில் இருக்கும் கூரியர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. சிஸ்டர் காலையில் முன்னதாகவே வந்து கருவிகளைக் கொதிக்கவைக்க வேண்டும் என்பதால் அக்கா பின்னால் தனியாகத்தான் வருவாள். பேருந்து வாசலிலேயே இறக்கிவிடும். கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு படியேறினால் அலுவலகம். அந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா வேறு ஆள். ஒரு டம்ளர் தண்ணீருக்கும் பிறரைக் கூப்பிட்டு, கூப்பிட்டதற்காகவே தன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தவள். இப்போது சம்பள நாளில் தங்கைக்குச் செருப்பு வாங்கித் தருகிறாள். அளவு சரியில்லை என்று தங்கை சொன்னால், கண் தெரிந்தவளுக்கு இவ்வளவு பெரிய காலா என்று கேலி பேசுகிறாள். நிறுத்தம் நாற்சந்திக்கு அந்தப் பக்கம் போனால் அந்த ஜன்னலோரம்தான் திரும்பவும் மிச்சம்.

சிஸ்டர் சொல்லாமலும் இல்லை. ஒருமுறை ஆரம்பித்தாள், அவர் காலால் மிதியை அழுத்திக் கருவியை ஓட்டிவிட்டார். அந்தச் சத்தத்தில் அவளுக்கே அவள் பேச்சு கேட்கவில்லை. தேநீர் நேரத்தில், "டாக்டர், அந்த ஸ்டாப்..." என்றாள். "அதான் எல்லாரும் சரின்னுட்டாங்களேம்மா" என்று குடிநீர்க் குழாய்ப் பிரச்சினைக்குப் பேச்சை மாற்றிவிட்டார். அதற்கு மேல் வற்புறுத்த அவளுக்குப் பயம். அக்காவின் வேலையைக் காப்பாற்றப் போய்த் தன் வேலையை இழந்துவிட்டால் வீட்டில் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட வேண்டிவரும். இரவில் படுத்துக்கொண்டு அக்காவிடம் அத்தனையும் சொன்னாள். அக்கா அதைக் கேட்டுவிட்டு, டாக்டர் பேசப் போகும் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்தாள்.

குடியிருப்போர் சங்கம் வேட்பாளர்களைக் கூப்பிட்டு வைத்த கூட்டம் அது. பள்ளிக்கூட மண்டபம், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகள், அவற்றில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்த பெரியவர்கள். பழைய கவுன்சிலர் தான் செய்ததையெல்லாம் சொன்னார், சீக்கிரம் முடிந்துவிட்டது. அடுத்து எழுந்த டாக்டர் பள்ளம், குப்பை, சாக்கடை என்று வாய் முழுக்க ஒரு சுற்று வந்து நிறுத்தத்தில் போய் நின்றார். "இது என் சொந்தக் கருத்து இல்லீங்க. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேட்டிருக்கேன். ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல."

"எப்படி டாக்டர் சொல்றது?" என்றார் பின்வரிசையிலிருந்து டயர் கடைக்காரர். போன வாரம்தான் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டவர், ஒரு பக்கக் கன்னம் இன்னும் இறங்கவில்லை. "உங்க ரெண்டு கையும் என் வாய்க்குள்ளல்ல இருந்துச்சு."

மண்டபம் சிரித்தது. பல் தெரியச் சிரித்தது என்பதால் டாக்டருக்கு அத்தனை பேரையும் அடையாளம் தெரிந்தது. அதுதான் அவரை அதிகம் கலக்கியிருக்க வேண்டும். எல்லாம் அவர் கை பட்ட பற்கள்.

அப்போது அக்கா எழுந்தாள். சிஸ்டர் அவள் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அதை விடுவித்துக்கொண்டாள்.

"மாடியில போன் எடுக்கற பொண்ணு பேசறேன் டாக்டர். நீங்க சொல்ற எடத்துல இறங்கினா நான் அந்த நாலு ரோட்டையும் தாண்டி வரணும். இப்ப யார் கையையும் பிடிக்காம வேலைக்கு வர்றேன். அப்ப யாராவது வர்ற வரைக்கும் தினமும் ஓரத்துல நிக்கணும். அப்படி லேட்டா வர்றவள எத்தன நாளைக்கு வெச்சிருப்பாங்க?"

டாக்டர் மைக்கைப் பார்த்தார். ஒரு கேள்விக்கு முழு வாக்கியமாகப் பதில் வந்து, அந்தப் பதிலுக்குள்ளும் ஒரு கேள்வி இருப்பது அவருக்குப் புது அனுபவம். "பழகிடும்மா" என்றார். "ரொம்ப பக்கம்தான். கண்ண மூடிட்டே நடந்துடலாம். நானே நடப்பேன்."

"அப்ப நாளைக்குக் காலையில நடந்து காட்டுங்க டாக்டர்" என்றார் டயர் கடைக்காரர். "நாங்க வந்து பாக்கறோம்."

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் அவ்வளவு பழக்கம்.

மறுநாள் காலை நாற்சந்தியின் அந்தப் பக்கத்தில், டாக்டர் நிறுத்தம் கேட்கும் இடத்தில், சின்னக் கூட்டம். டீச்சரம்மா பள்ளிக்குப் போகும் வழியில் கைப்பையோடு வந்து நின்றார். வரும் வழியில் டாக்டரைத் தடுத்துப் பார்த்ததாகவும், கொள்கைப் பிரச்சினை என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சிஸ்டரிடம் சொன்னார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, அதுதான் பந்தயம் என்று டயர் கடைக்காரர் எல்லோரையும் எச்சரித்து வைத்தார். சிஸ்டருக்கு இரண்டு கவலை. டாக்டர் அடிபட்டுவிடக் கூடாது. அதே சமயம், கூட்டத்தைப் பார்த்து வண்டிகள் நின்றுவிட, அவர் பாட்டுக்குக் கிளினிக் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் அதோடு அக்காவின் கதை முடிந்தது. எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். அக்கா இவை எதிலும் சேராமல், டாக்டருக்குப் பக்கத்தில், நடைபாதை விளிம்பைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மோவாயில் கிடந்த முகக்கவசத்தை மேலே இழுத்தார். அது மூக்கில் நிற்காமல் நேரே கண்ணுக்குப் போனது. கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினார். கூட்டம் அதற்குள் அவருக்கு இடப்பக்கம் நகர்ந்துவிட்டிருந்ததால் விளக்குக் கம்பத்துக்குத்தான் அந்த மரியாதை போய்ச் சேர்ந்தது.

ஒரு காலை இறக்கினார். எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது, காலை எடுத்துக்கொண்டார். பேருந்து ஒன்று காற்றை விட்டுப் பெருமூச்சோடு நின்றது. அது எந்தப் பக்கம் நின்றது? தலையை அங்கும் இங்கும் திருப்பினார். திருப்பத் திருப்ப, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் கைவிட்டுப் போயிற்று.

"இப்பப் போலாம்... சரிதானே?" என்றார்.

ஒருவரும் "ஆங்" சொல்லவில்லை.

மறுபடியும் காலை இறக்கினார். முனையில் திரும்பிய லாரி ஒன்று அவருக்கு நேராக ஹாரனை அலறவிட்டது. டீச்சரம்மாவின் கைப்பை கீழே விழுந்தது. டாக்டர் துள்ளிப் பின்வாங்கி, காற்றைத் துழாவி, கையில் முதலில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அது அக்காவின் முழங்கை.

"இன்னும் இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "அந்தப் பக்கத்து வண்டி நிக்கல. நில்லுங்க."

நின்றார். லாரி போயிற்று. அதன் பின்னால் வரிசையாக எல்லாம் போயின. டயர் கடைக்காரர்கூடச் சிரிக்கவில்லை. டாக்டர் பிடியை விடவில்லை. போட்டி முடிந்துவிட்டது, கவசத்தை எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அக்கா முழங்கையை இழுத்துக்கொள்ளாமல், பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போலக் கேட்டாள்: "ஸ்டாப் எங்க இருக்கணும் டாக்டர்?"

டாக்டர் வாயைத் திறந்தார். வார்த்தை எழவில்லை. இன்னொரு கையை மட்டும் உயர்த்தி, விரலை நேராக நீட்டிக் காட்டினார். அந்த விரலுக்கு நேரே மீன்கடை இருந்தது. சிஸ்டர் பக்கத்தில் வந்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கிளினிக் வாசல் பக்கம் திருப்பி வைத்தாள்.